டெய்லி முடிக்கிறதா, நாம நினைச்சத முடிக்கிறதா? ஒன்லைன் ஆர்பிஜியில இலக்கு வைக்கிறது பற்றி

வாவிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

ஆர்பிஜி (ஒரு பாத்திரத்த எடுத்து வளர்த்து ஆடுற கேம்) ஆடுற நம்மட மட்டக்களப்பு, அம்பாறைக் குழுவுக்குப் புதுசா வாற பொடியன்மாரப் பற்றித்தான் இந்த இழை. வந்த கையோட இரவு பகலா ஆடுறாங்க. ரெண்டு மூணு மாசத்தில சொல்லாமக் கொள்ளாம நிண்டு போறாங்க. ஏன் தம்பி வாறல்ல எண்டு கேட்டா எல்லாரிட்டயும் ஒரே பதில்தான்: "அண்ணன், அது வேல மாதிரி வந்திட்டு."

கேம் ஒவ்வொரு நாளும் ஒரு பட்டியல நீட்டுது, அதத்தான் டெய்லி எண்டுறது. இத அடி, அதப் பொறுக்கு, இவ்வளவு தாறன். பொடியன்மார் அந்தப் பட்டியலையே தங்கட இலக்கா எடுத்திர்றாங்க. அது நாளைக்கும் வரும், நாளையிண்டைக்கும் வரும். முடிவே இல்லாத ஒண்ட முடிக்க நிண்டா எந்த மனிசனும் களைச்சுத்தான் போவான்.

என்ட எண்ணத்த நேராச் சொல்றன். பரிசு என்ன எண்டத கம்பனி தீர்மானிக்கட்டும். எதுக்காக ஆடுறன், எங்க நிப்பாட்டுவன் எண்டத ஆடுறவன்தான் தீர்மானிக்கணும். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் எண்ட ஒன்லைன் கேமில அயன்மேன் முறை எப்பிடி வந்தது எண்டு பாருங்க. யாரோடயும் வியாபாரம் இல்ல, கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் எண்ட கேம் சந்தையில ஒண்டும் வாங்கிற இல்ல, உடுக்கிற கவசத்தில இருந்து குடிக்கிற மருந்து வரைக்கும் தன்ட கையாலயே தேடணும். இந்தச் சட்டத்த முதல்ல போட்டது கம்பனி இல்ல. ஆட்டக்காரர் தங்களுக்குத் தாங்களே போட்டு ஆடினாங்க. 2014லதான் கம்பனி அத ஒரு தனி முறையாச் சேர்த்தது. அதில பரிசு கூடல்ல, கஷ்டம்தான் கூடிச்சு. இருந்தும் வருசக்கணக்கா ஆடுறாங்க, "வேல மாதிரி" எண்டு சொல்றாங்களும் இல்ல.

உங்கட அனுபவத்தையும் எழுதுங்க. முக்கியமா, புதுப் பொடியன்மாருக்கு என்ன சொல்லிக் குடுக்கலாம்?

---

கல்முனைக் காக்கா

வாவி தம்பி, அரைவாசிக்கு ஒத்துக்கிறன். ஆனா பரிச அவ்வளவு லேசாத் தள்ள ஏலா. ஆர்பிஜி எண்டாலே பாடுபட்டா பலன் எண்ட உடன்படிக்கைதான். அது இல்லாட்டி ஒரே பேய ஆயிரம் தரம் அடிக்க யாருக்குப் பைத்தியம்?

பொடியன்மார் விழுறது வேற இடத்தில. தூரம் எவ்வளவு எண்டு தெரியாமப் புறப்படுறாங்க. ரூன்ஸ்கேப்பையே எடுங்க. ஒரு திறமையில ரெண்டாவது லெவலுக்கு 83 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) போதும். 99க்கு 13,034,431 வேணும். பாதித் தூரம் எந்த லெவலில வரும் எண்டு புதுசா வாறவனிட்ட கேட்டுப் பாருங்க, 50 எண்டு சொல்லுவான். 50ல இரிக்கிறது 101,333 தான், நூறில ஒரு பங்கும் இல்ல. உண்மையான பாதி 92ல வருது, 6,517,253. 92ஐப் பிடிச்சவன் "இன்னும் ஏழுதானே" எண்டு நினைக்கிறான். வந்த அளவு தூரம் இன்னும் அப்பிடியே கிடக்கு. அந்த ஏழுக்குள்ளதான் நிறையப் பேர் கைவிடுறாங்க.

கேம் இத ஒளிக்கவும் இல்ல. அட்டவணை எல்லாருக்கும் திறந்து கிடக்கு. அதப் பார்த்துப் போட்டு 70 போதும், 737,627 தானே, அதுக்குள்ள எனக்கு வேண்டிய குவெஸ்ட் (கதைப் பணி) எல்லாம் திறந்திரும் எண்டு முடிவெடுக்கிறவன் சந்தோசமா ஆடுறான். பார்க்காமப் போறவன்தான் நடுவில நிண்டு அழுறான்.

---

செவன்_அக்கரைப்பற்று

அஸ்ஸலாமு அலைக்கும் காக்காமாரே. நான் ஏஎல் (உயர்தரம்) ரெண்டாவது வருசம். ஆடுறது கென்ஷின் இம்பாக்ட், போன்லதான்.

எனக்குப் பிரச்சினையே அந்த டெய்லிதான். ஆசிய சேர்வரில நாள் மாறுறது நம்மட நேரத்துக்கு இரவு 1.30. டியூசன் போய் வந்து படிச்சு முடிக்க 12 தாண்டிரும். அதுக்குப் பிறகு 1.30க்குள்ள நாலு கமிசனையும் (டெய்லி வேலைகள்) முடிக்கணும். முடிக்கிறப்ப 1.30 ஆகிரும், மறுகா அடுத்த நாளுக்குரிய நாலும் வந்து நிக்கும். சரி, இதையும் முடிச்சிட்டுப் படுப்பம் எண்டு இருந்திருவன். உம்மா சுபஹுக்கு எழுப்புறப்ப கண் திறக்க ஏலா.

விட்டாலும் மனசு கேக்குதில்ல. ஒரு நாள் போனா 60 பிரிமோஜெம் (பாத்திரம் எடுக்கச் செலவழிக்கிற கேம் காசு) போகுது. அடுத்த மாசம் வாற பாத்திரத்த எடுக்கணும் எண்டுதான் இவ்வளவும். நான் என்ன செய்யட்டும்?

---

ஒலுவில் கணக்கன்

வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. உங்கட விசயத்தக் கணக்காப் போட்டுப் பார்ப்பம்.

பாத்திரத்துக்குக் குலுக்கல் மாதிரி ஒரு தரம் இழுக்க 160 பிரிமோஜெம். அஞ்சு நட்சத்திரம் (ஆக அரிதானது) விழுற வாய்ப்பு ஒவ்வொரு இழுவைக்கும் 0.6 வீதம். 90வது இழுவையில கட்டாயம் ஒண்டு தருவாங்க. 90 தரம் இழுக்க 14,400 வேணும். டெய்லி 60ஐ மட்டும் நம்பினா 240 நாள், எட்டு மாசம். அப்பவும் விழுறது நீங்க நினைச்ச பாத்திரம்தான் எண்டு உறுதி இல்ல. நிகழ்வு, குவெஸ்ட், புது இடம் திறக்கிறது எண்டு மற்ற வழியாலயும் பிரிமோஜெம் வருது, அதனால உண்மையில இதவிடக் கெதியா வரும். ஆனா டெய்லியால அடுத்த மாசமே எடுத்திருவன் எண்ட நினைப்பு எந்தக் கணக்கிலயும் சரிவராது. ஒரு இரவு விட்டா நீங்க இழக்கிறது ஒரு இழுவையிட அரைவாசியும் இல்ல.

இன்னொண்டு. ரெசின், அதாவது கேமில பரிசெடுக்கச் செலவழிக்கிற சக்தி, 8 நிமிசத்துக்கு ஒண்டு ஏறுது. 2020ல கேம் வந்தப்ப 120தான் தேங்கும். பிறகு 160 ஆச்சு, 2024ல 200 ஆக்கினாங்க. 200 நிரம்ப 26 மணித்தியாலம் 40 நிமிசம். அதாவது ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில ஒருக்காப் போய்ச் செலவழிச்சா ஒரு ரெசினும் வீணாகாது. கமிசனும் அப்பிடித்தான், இரவு 1.30ல இருந்து அடுத்த 1.30 வரைக்கும் 24 மணித்தியாலம் இரிக்கு. பின்னேரம் அஞ்சு மணிக்குச் செய்தாலும் அதே 60தான்.

மற்றது, இந்த அதிர்ஷ்ட விசயத்தில ரெண்டு சாதி இரிக்கு. கென்ஷின் எண்ணி வைக்கிற சாதி. விழாட்டி எண்ணிக்கை ஏறும், கடைசியில தந்தே ஆகணும். ரூன்ஸ்கேப்பில பேய அடிச்சா விழுற அபிசல் விப் எண்ட ஆயுதம் அப்பிடி இல்ல. 512 தரத்துக்கு ஒருக்கா எண்ட வாய்ப்பு. 512 பேய அடிச்சா கையில வந்திரும் எண்டு நிறையப் பேர் நம்புறாங்க. கணக்கு வேற சொல்லுது: 512 அடிச்ச நூறு பேரில ஏறக்குறைய 37 பேரிட்ட அப்பவும் விப் இல்ல. 1,536 அடிச்ச பிறகும் நூறில அஞ்சு பேர் வெறுங்கையோட நிப்பாங்க. முந்தி அடிச்ச பேய் ஒண்டையும் கேம் ஞாபகம் வைக்கிற இல்ல. "இவ்வளவு அடிச்சிட்டன், இனி வந்துதான் ஆகணும்" எண்டு இரவு முழுக்க நிக்கிறவனுக்கு அடுத்த பேயிலயும் அதே 512ல ஒண்டுதான்.

எப்ப வரும் எண்டு தெரியாத பரிசுக்குத்தான் உயிர்கள் விடாம முயற்சி செய்யும் எண்டு உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்கள வச்சே காட்டினவர். கேம் செய்றவங்களுக்கு இது நல்லாத் தெரியும், ஆடுறவனுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

---

நீலாவணை

ஒலுவில் கணக்கன்ட பதிவ மேல ஒட்டி வைங்க. இத முந்தியே வாசிச்சிருக்கணும் எங்கட செட்.

---

தாழங்குடா டீச்சர்

பிள்ளைகள் படிக்கும் பக்கத்திலிருந்து ஒரு கருத்து. நான் விளையாடுவதில்லை. ஆனால் என் வகுப்பில் பாதிப் பேர் இதைப் பற்றியே கதைக்கிறார்கள், அதனால் காது கொடுத்துக் கேட்டு வருகிறேன்.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு பாலர் பாடசாலையில் ஆய்வு செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள பிள்ளைகளைத் தெரிவு செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமில்லை. சில நாட்கள் கழித்து வகுப்பில் அதே வர்ணப் பேனைகளை வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய அரைவாசி நேரம்தான் வரைந்தார்கள். திடீரென்று பரிசு கிடைத்த பிள்ளைகளுக்கு எந்தக் குறைவும் இல்லை.

வாவிக்கரைத் தம்பி கேட்ட கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளைகள் முதலில் ஏதோ ஒன்று பிடித்துத்தான் உங்கள் விளையாட்டுக்குள் வந்திருப்பார்கள். கதை, இடங்கள், நண்பர்கள், இசை. ஒவ்வொரு நாளும் இன்னதுக்கு இன்னது என்று கொடுத்துப் பழக்கியதும் அந்த முதல் விருப்பம் பின்னால் போய்விடுகிறது.

அதற்காக இலக்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எட்வின் லொக், கேரி லேதம் இருவரும் பல்லாண்டுகள் ஆராய்ந்து கண்டது, "இயன்றளவு செய்" என்பதைவிடத் திட்டமான, கொஞ்சம் கடினமான இலக்கு மனிதரைக் கூடுதலாக உழைக்க வைக்கும் என்பதே. ஆனால் வேலை புதியதாகவும் சிக்கலாகவும் இருந்தால், முடிவை இலக்காக வைப்பதைவிட ஒன்றைக் கற்றுக்கொள்வதை இலக்காக வைப்பதே நல்லது. புதிதாக வருகிற பிள்ளையிடம் "99 எடு" என்று சொல்லாமல் "இந்த எதிரி எப்படி அடிக்கிறது என்று கண்டுபிடி" என்று சொல்லிப் பாருங்கள்.

செவன், மகன், நித்திரையை விடாதீர்கள். பரீட்சை வருடம்.

---

கல்முனைக் காக்கா

டீச்சர் சொன்ன ஆய்வு மிச்சம் பெறுமதி. ஆனா கம்பனிகள் எல்லாத்தையும் ஒரே கண்ணால பார்க்கப்படா. வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் எண்ட கேம் 2004ல வெளிவர முந்தி, சோதனை நடக்கிறப்ப, கூட நேரம் ஆடுறவனுக்கு எக்ஸ்பிய அரைவாசியாக் குறைக்கிற முறை ஒண்டு வச்சாங்க. போய் ஓய்வெடு எண்டதுதான் நோக்கம். ஆக்கள் கொதிச்சிட்டாங்க. மறுகா அதையே திருப்பிப் போட்டாங்க: குறைஞ்சதச் சாதாரண அளவாக்கி, ஓய்வெடுத்திட்டு வாறவனுக்கு ரெண்டு மடங்கு எண்டாங்க. கணக்கு ஒண்டுதான், ஆனா ஒருத்தரும் முறைப்படல்ல. சத்திரத்தில லொக் அவுட் பண்ணினா 8 மணித்தியாலத்துக்கு ஒரு லெவலிட 5 வீதம் சேரும், ஒண்டரை லெவல் வரைக்கும் தேங்கும்.

கடை பூட்டிட்டு இரவில ஒரு மணித்தியாலம் ஆடுற என்னப் போல ஆளுக்கு அது பெரிய மரியாதை. வராத நாளுக்குத் தண்டனை இல்ல, வந்த நாளுக்குச் சேர்த்துத் தருது. செவனுக்கு நடக்கிறது இதுக்கு நேர் எதிர். கேமத் தெரிவு செய்றப்பவே கேக்க வேண்டிய கேள்வி இது: ஒரு கிழமை வராம விட்டா இந்தக் கேம் என்ன செய்யும்?

---

படுவான்கரை

கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்க. எங்கட ஊரில கூத்துப் பழக்கிறது எப்பிடி எண்டு தெரிஞ்சவங்களுக்கு இந்த இலக்கு விசயம் உடனே பிடிபடும்.

அண்ணாவியார் (கூத்துப் பழக்குறவர்) முதல்ல ஆளப் பார்த்துச் சட்டம் (அவரவர் பாத்திரம்) குடுப்பார். ஆருக்குத் தருமன், ஆருக்கு வீமன் எண்டு குரலையும் உடம்பையும் பார்த்துத்தான். அதில இருந்து அரங்கேற்றம் மட்டும் மாசக்கணக்காகும். அந்த மாசமெல்லாம் ஆரும் அரங்கேற்றத்த நினைச்சுக் கொண்டு ஆடுற இல்ல. முதல்ல தாளம் காலுக்கு வரணும். களரி (கூத்தாடுற இடம்) மண்ணில வெறுங்காலோட ஆடுவாங்க. அண்ணாவியார் மத்தளத்த நிப்பாட்டிப் போட்டு ஒருத்தன்ட இடது கால மட்டும் பார்த்துக்கொண்டு நிப்பார். "திரும்ப ஆடு" எண்டுவார். மறுகாவும் "திரும்ப ஆடு". அந்தக் கால் சரி வந்தாத்தான் அடுத்த தரு (பாட்டு).

ஆட்டம் ஏறின பிறகுதான் சதங்கை அணியிறது. அண்டைக்கு ஊரே கூடும், தாய் தகப்பன் வந்து நிப்பாங்க. அதுக்குப் பிறகு கிழமைக்கூத்து. பிறகு எல்லாத்தையும் கோத்து ஆடிப்பார்க்கிற அடுக்குப் பார்த்தல். அதுக்கும் அங்கால, விடிய விடிய அரங்கேற்றம். அது முடிஞ்சாலும் வீட்டுக்கு வீடு போய் ஆடுவாங்க.

நான் இதில பார்க்கிறது என்னண்டா, சதங்கை களரிக்கு வந்த நாளுக்காகக் குடுக்கிற சாமான் இல்ல. ஒரு மாசம் ஒழுங்கா வந்து இருந்தாய், இந்தா சதங்கை எண்டு எந்த அண்ணாவியாரும் கட்டமாட்டார். ஆட்டம் வந்தாத்தான் சதங்கை. டெய்லி லொகின் பரிசு இதுக்கு மற்றப் பக்கம். நீ ஒண்டும் பழகத் தேவையில்ல, வந்து முகத்தக் காட்டினாப் போதும் எண்டு தருது. அதனாலதான் அது ஏழு நாள் கிடைச்சாலும் மனசில நிக்கிறதில்ல. பாடுபட்டுத் தேர்ச்சியா வந்த ஒண்டுக்குக் கிடைக்கிற பரிசு வேற, வரவுக்குக் கிடைக்கிற பரிசு வேற. கேமுக்குள்ள ரெண்டும் கலந்து கிடக்கு. பொடியன்மாருக்கு அதப் பிரிச்சுக் காட்டினாலே பெரிய உதவி.

---

வாவிக்கரை

படுவான்கரை அண்ணன், இதுதான் நான் சொல்ல வந்து சொல்லத் தெரியாம நிண்ட இடம்.

ரூன்ஸ்கேப்பில உங்கட சதங்கைக்குச் சமமா ஒண்டு சொல்லணுமெண்டா ஃபயர் கேப் எண்ட மேலங்கிதான். ஃபைட் கேவ் எண்ட குகைக்குள்ள எதிரிகள் 63 அலையா வரும். கடைசி அலையில ஜாட் எண்ட பெரிய எதிரி. ஃபயர் கேப்ப ஆரிட்டயும் காசு குடுத்து வாங்க ஏலா. ஜாட் முன்காலத் தூக்கித் தொங்கவிட்டா வாறது மந்திர அடி. காலால நிலத்தக் குத்தினா வாறது தூர அடி. அந்தக் கண் இமைக்கிற நேரத்துக்குள்ள அந்த அடியத் தடுக்கிற சரியான பிரேயருக்கு மாத்தணும். பிழைச்சா ஒரே அடியில 97 வரைக்கும் போகும், நம்மட முழு உயிரே ஆகக் கூடினது 99தான். முதல் தரம் அது எழும்பி நிக்கிறப்ப கை விறைச்சுப் போகும். மறுகா மறுகா போய், அதிட காலப் பார்க்கப் பழகினாத்தான் அந்தக் கேப். எங்கட குழுவில அத எடுத்த பொடியன் ஒருத்தனும் அதுக்காகச் செலவழிச்ச நேரத்தப் பற்றி முறைப்பட்டு நான் கேக்கல்ல. லொகின் பரிசப் பற்றித்தான் எல்லாரும் முறைப்படுறாங்க.

---

பாசிக்குடாக் காத்து

எல்லாரும் நல்லாத்தான் எழுதுறீங்க. ஆனா கூத்த ஊர் பார்க்கும், பேரன் காலத்திலயும் கதைப்பாங்க. கேமில எடுத்தது? கம்பனி சேர்வரப் பூட்டினா முடிஞ்சுது. சிட்டி ஒஃப் ஹீரோஸ் எண்ட ஒன்லைன் கேம 2012 நவம்பரில பூட்டினப்ப எத்தனை பேரிட எத்தனை வருச உழைப்பு ஒரு இரவில போச்சுது. மனசத் தொட்டுச் சொல்லுங்க, இதுக்கு "உழைப்பு" எண்டு பேர் வைக்கலாமா?

---

கல்முனைக் காக்கா

வைக்கலாம் எண்டுதான் சொல்லுவன். சிட்டி ஒஃப் ஹீரோஸ் ஆட்டக்காரர் பூட்ட வேணாம் எண்டு எவ்வளவு குரல் குடுத்தாங்க எண்டு தேடிப் பாருங்க. அவங்க அழுதது வாள் போச்சு, கவசம் போச்சு எண்டு இல்ல, கூடி நிண்ட இடம் போச்சு எண்டுதான்.

நம்மட குழுவையே பாருங்க. 2022ல 13 மணித்தியாலம் மட்டும் கரண்ட் வெட்டின நாளில கல்லடிப் பொடியனும் சாய்ந்தமருதுப் பொடியனும் ஆரிட பக்கம் எப்ப கரண்ட் வரும் எண்டு பார்த்து நேரம் பிரிச்சாங்க. கேமுக்குள்ள ஒருத்தன் மீன் பிடிச்சு வைப்பான், மற்றவன் வந்து அதச் சமைப்பான். அதுக்கு முந்தி ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கண்டதும் இல்ல. இண்டைக்கு நோன்புக்கும் தைப்பொங்கலுக்கும் வீட்ட போய் வாற பழக்கம். சேர்வரப் பூட்டினா அது போகுமா?

அந்தக் காலத்தில டெய்லி ஓட்டம் விடுபட்டதோட நிறையப் பேர் திரும்ப வரல்ல. "என்ட குழுவுக்கு மருந்து செய்து குடுக்கணும்" எண்டு இருந்த ஆக்கள் கரண்ட் வந்த உடன வந்தாங்க. நான் மேல பரிசுதான் முக்கியம் எண்ட மாதிரி எழுதினன். பரிசு வேணும்தான், ஆனா ஆளத் திருப்பிக் கூட்டி வாறது அது இல்ல.

---

செவன்_அக்கரைப்பற்று

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ் ஹைர். வாசிச்சிட்டு ஒரு முடிவு எடுத்திருக்கன், சரியா எண்டு சொல்லுங்க.

அசருக்குப் பிறகு, டியூசனுக்குப் போக முந்தி, அர மணித்தியாலம். அதுக்குள்ள கமிசனும் ரெசினும். முடியாட்டி விடுறன். இரவில போன் உம்மாட அறையில. அடுத்த மாசப் பாத்திரத்த மறந்திட்டன். அதுக்குப் பதிலா என்னட்ட இருக்கிற நாலு பேர வச்சே ஸ்பைரல் அபிஸ் எண்ட சண்டைச் சவாலில 12வது தளத்த முடிக்கிறது எண்டு இலக்கு. அதுவும் பரீட்சை முடிஞ்ச பிறகு.

---

ஒலுவில் கணக்கன்

நல்ல முடிவு தம்பி. ஒரு திருத்தம் மட்டும்: அபிஸ்ஸில ரெண்டு அணி கேக்கும், நாலு பேர் காணாது, எட்டு பேர் வேணும். 12ஐ முதல்ல வைக்காதீங்க. 9வது தளத்த முடிச்சு, எந்த அறையில நேரம் போகுது எண்டு எழுதி வைங்க. "புது ஆயுதம் விழணும்" எண்டத அந்தத் தாளில எழுத வேணாம், அது உங்கட கையில இல்ல. "இந்த எதிரிட கவசத்த எதால உடைக்கலாம் எண்டு பழகணும்" எண்டு எழுதலாம், அது உங்கட கையில இரிக்கு.

---

தாழங்குடா டீச்சர்

போனை உம்மாவின் அறையில் வைப்பது மிக நல்ல முடிவு, மகன். பரீட்சை முடிந்ததும் வந்து எழுதுங்கள், எல்லோரும் பார்த்திருப்போம்.

---

வாவிக்கரை

சரி, குழுவுக்கு மூணு விசயம் மாத்திறம். ஆருக்கும் மறுப்பு இருந்தா வியாழனுக்கு முந்தி எழுதுங்க.

கிழமைக்கு அஞ்சு நாள் வராதவன் பதவி இறங்குவான் எண்ட பழைய சட்டத்த எடுக்கிறம். வரவப் பார்த்துப் பதவி இனி இல்ல. ஏஎல், ஓஎல் எழுதுறவங்க சொல்லிட்டுப் போகலாம், இடம் அப்பிடியே இருக்கும்.

புதுசா வாறவனிட்ட முதல் நாளே காக்கா சொன்ன எக்ஸ்பி அட்டவணையையும் ஒலுவில் கணக்கன் போட்ட 512 கணக்கையும் காட்டுறம். பிறகு, இதில உனக்கு என்ன பிடிச்சிருக்கு எண்டு கேக்கிறம். பதில் "தெரியாது" எண்டாலும் பரவாயில்ல, ரெண்டு கிழம சும்மா சுத்தித் திரியட்டும்.

ஜாட்டுக்குப் போக விருப்பமானவங்களுக்கு வெள்ளிக்கிழம இரவு பழக்கம். ஆர் ஆர் வாறீங்க?

---

நீலாவணை

நான் வாறன். எத்தின மணிக்கு?

---

கல்முனைக் காக்கா

இஷாவுக்குப் பிறகு வைங்க தம்பி, 8.30. நானும் வாறன், பிரேயர் மருந்து எல்லாருக்கும் என்ட பக்கத்தால.